ஊதியம் ஓரிடம், ஊழியம் ஓரிடம்

நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவன் என மருத்துவத்திற்கு அங்கங்கள் நான்கு என்பது திருவள்ளுவர் வகுத்த கணக்கு. நான்காமவனுக்கு அவர் தந்த பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பணி புரிபவன் என்பது பொருள். சரக சம்ஹிதையும் இதே நான்கு அங்கங்களைக் கூறுகிறது. அத்துடன் நில்லாமல், பணிவிடை செய்பவருக்கு வேண்டிய குணங்களையும் நான்காக வரையறுக்கிறது: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், செயல்திறன், தூய்மை, தன் தலைவனிடம் அன்பு.

கடைசியாகச் சொன்ன குணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். ‘தலைவனிடம் அன்பு’ என்னும்போது சரகர் யாரைத் தலைவன் என்கிறார்? நோயாளியைத்தான். அவர் எடுத்த சொல்லுக்குத் தாங்குபவன், போஷிப்பவன் என்பது வேர்ப்பொருள். தனக்குச் சோறிடுபவனும் தன்னிடம் பணிவிடை பெறுபவனும் ஒருவனே என்ற நிலையில், அன்பு எந்தப் பக்கம் செல்வது என்ற குழப்பத்திற்கு இடமே இல்லை.

ஆலையின் வாயிலைக் கடந்து உள்ளே சென்றதும் இந்த ஒருமை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அங்கே முதலுதவி அறையில் அமர்ந்திருக்கும் செவிலியருக்கு மாதச் சம்பளம் தருவது நிர்வாகம். அவர் முன் கையை நீட்டி நிற்பவனோ தொழிலாளி. ஊதியம் ஓரிடம், ஊழியம் ஓரிடம். இரண்டும் ஒத்துப் போகும்வரை தொல்லை இல்லை. ஒன்றோடொன்று மோதும் நாளில் அவர் யாருடைய பக்கம் நடப்பது?

தொழிலகச் செவிலியர்கள் உலகின் எந்த மூலையில் ஒன்றுகூடினாலும், நாடும் மொழியும் சட்டமும் வேறுபட்டாலும், அவர்கள் அனைவருக்கும் பொதுவான கேள்வி இதுவே. சற்றே ஊன்றிப் பார்த்தால் இது செவிலியரின் கேள்வி மட்டுமன்று என்பதும் விளங்கும். ஒருவரிடம் சம்பளம் பெற்று மற்றொருவருக்குச் சேவை செய்யும் ஒவ்வொருவருக்கும், ஆசிரியருக்கும் பொறியாளருக்கும் கணக்காளருக்கும், இது உரியதே.

ஒரு நகரம் கற்பிக்கும் பாடம்

இந்தக் கேள்வியைச் சிந்திக்க ஹைதராபாத் மிகவும் பொருத்தமான நகரம்.

1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், அதன் இரட்டை நகரமான செகந்திராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நோயாளியின் உடலையே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ உலகம், அவனைச் சூழ்ந்துள்ள குட்டையையும் கொசுவையும் பார்க்கத் தொடங்கியதற்கு அந்தக் கண்டுபிடிப்பு பெரிய தூண்டுதலாயிற்று. நோய் இன்னது என்று அறிந்தால் மட்டும் போதாது, அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தானே! தொழிலகச் செவிலியரின் கல்வியும் இதுவே. இருமலுடன் வருபவனுக்கு மருந்து கொடுத்து அனுப்புவதுடன் அவர் பணி முடிவதில்லை. அவன் எந்தத் தூசியில் நின்று வேலை செய்கிறான் என்று எழுந்து போய்ப் பார்ப்பதும் அவர் கடமை.

அதே நகரின் மாதாப்பூர்ப் பகுதியில் 2006இல் திறக்கப்பட்ட பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. 2010இல் உலகக் கணித மேதைகள் அங்கே கூடினர். 2012இல் உயிரினப் பன்மை பற்றிய உலக நாடுகளின் மாநாடு அங்கே நடந்தது. பல தேசத்து அறிஞர்கள் வந்து கூடிக் கலந்து பேசிச் செல்லும் அந்த மண்டபத்திலிருந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் பாஷமைலாரம் தொழிற்பேட்டை இருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காலை, பாஷமைலாரத்தில் உள்ள சிகாச்சி நிறுவனத்தின் ஆலையில் வெடி விபத்து நேர்ந்தது. மாத்திரைகளில் சேர்க்கப்படும் நுண்தூளைத் தயாரிக்கும் ஆலை அது. 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். உடல்கள் கருகிப் போனதால் மரபணுச் சோதனையின் மூலமே பலரை அடையாளம் காண முடிந்தது. சிலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைகளின் பின்னே இப்படி எத்தனையோ கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளைக் காப்பது யார் பொறுப்பு? மாநாட்டு மண்டபத்தில் பேசப்படும் உயர்ந்த கருத்துக்கள் அந்த ஒரு மணி நேரப் பயணத்தைக் கடந்து ஆலை வாயிலை எட்டுகின்றனவா? ஒரு சர்வதேச மாநாடு பயனுள்ளதா, வீண் ஆரவாரமா என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

உலகை மாற்றிய ஒரு விசாரிப்பு

தொழிலாளரின் நோயை ஆராயும் இயல், எளிய ஒரு மனிதனிடம் எளிய ஒரு கேள்வியைக் கேட்டதில் பிறந்தது. இத்தாலி நாட்டின் மோதேனா நகரில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் வாழ்ந்து வந்தார். ஒரு நாள் அவர் வீட்டின் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி மூச்சுவிடாமல் அவசர அவசரமாக வேலை செய்தான். ஏன் இப்படி உடலை வருத்திக்கொள்கிறாய், நிதானமாகச் செய்யலாமே என்று மருத்துவர் கேட்டார். இந்தக் குழிக்குள் நான்கு மணி நேரத்திற்கு மேல் இருந்தால் கண் கெட்டுவிடும், இங்கே இறங்கிப் பார்க்காதவருக்கு அது புரியாது என்று அவன் பதில் சொன்னான். அவன் கண்களை மருத்துவர் பரிசோதித்தார். அவை சிவந்து மங்கியிருந்தன.

அந்த ஒரு பதிலிலிருந்து ஒரு நூல் பிறந்தது. சுரங்கத் தொழிலாளர், குயவர், கல் தச்சர், சலவைத் தொழிலாளர், எழுத்தர் என ஒவ்வொரு தொழிலும் தரும் நோய்களை ஆராய்ந்து 1700ஆம் ஆண்டில் ராமஸ்ஸினி அதை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுடன் ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

இக்கேள்வியை மருத்துவமனைக்கு வெளியே கொண்டு சென்றவர்கள் செவிலியர்கள். 1878இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கடுகுப் பொடி தயாரிக்கும் கோல்மன் நிறுவனம், பிலிப்பா ஃபிளவர்டே என்ற செவிலியரை நியமித்தது. ஆலை மருத்துவருக்கு உதவி செய்வதுடன், நோயுற்ற தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்று பார்த்து வருவதும் அவர் பணியாக இருந்தது. 1895இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு சலவைக்கல் நிறுவனம் ஏடா மேயோ ஸ்டூவர்ட் என்பவரை அமர்த்தியது. அவர் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று தொழிலாளர் குடும்பங்களைக் கவனித்துக்கொண்டார்.

1906இல் இத்தாலியின் மிலான் நகரில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து அமைத்த சிம்ப்லான் ரயில் சுரங்கத்தின் நிறைவைக் கொண்டாடும் பொருட்காட்சி நடந்தது. மலையை வென்ற பெருமையைப் பலரும் பேசினர். மலையைக் குடைந்தவர்களின் உடல்நலத்தைப் பேசவும் சிலர் அங்கே கூடினர். தொழில்சார் நலத்திற்கான சர்வதேச ஆணையம் அவ்வாறு தோன்றியது. 1960களிலிருந்து அதில் செவிலியருக்கென்றே தனிக் குழு இயங்கி வருகிறது. பல தேசத்துச் செவிலியர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடமாக அதன் மாநாடுகள் அமைந்துள்ளன. 2024ஆம் ஆண்டு மாநாடு மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் நடந்தது.

மூன்று சோதனைகள்

ஆலைச் செவிலியரின் மனசாட்சிக்கு வரும் சோதனைகளை மூன்றாகத் தொகுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, ரகசியம் பற்றியது. கிரேன் இயக்கும் ஒருவருக்கு வலிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் செவிலியரிடம் தனியாக வந்து, “அம்மா, இதை மேலே சொல்லிவிடாதீர்கள். வேலை போய்விடும். பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது” என்று கைகூப்புகிறார். சொன்னால் அவர் குடும்பம் தவிக்கும். சொல்லாவிட்டால், தூக்கிய சுமையின் கீழே நடந்து செல்லும் வேறு ஒருவரின் குடும்பம் அழிந்து போகலாம். கருணை எந்தக் குடும்பத்திற்கு உரியது? கண் முன்னே நிற்பவரின் கண்ணீர் நம்மை உருக்குகிறது. நாளை அடிபடப் போகிறவருக்கோ இன்று முகம் இல்லை. முகம் காணாதவரிடமும் கருணை காட்டத் தெரிந்தால்தான் அது தர்மமாகிறது.

அனுபவம் மிக்க செவிலியர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நோயின் பெயர் நோயாளிக்குச் சொந்தம். அதை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியதில்லை. எந்த வேலைக்கு இவர் தகுதியானவர், எந்த வேலை இவருக்கு ஏற்றதன்று என்பதை மட்டும் தெரிவித்தால் போதும். அதையும் அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டு, மாற்று வேலை கிடைக்க அவருடன் சேர்ந்து முயல வேண்டும். தொழில்சார் நல ஆணையத்தின் ஒழுக்க நெறிகளும் இதையே விதிக்கின்றன. ரகசியமும் காக்கப்படுகிறது, உயிரும் காக்கப்படுகிறது.

இரண்டாவது, பதிவேடு பற்றியது. பல ஆலைகளின் வாயிலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதிய பலகையைக் காணலாம். எண்ணிக்கை வளர வளர நிர்வாகத்திற்குப் பெருமை. சில இடங்களில் ஊழியருக்குப் பரிசும் உண்டு. அந்த எண் மூன்று இலக்கத்தை எட்டிய ஒரு நாளில் ஒருவரின் விரல் நசுங்குகிறது. “கட்டுப் போட்டு அனுப்புங்கள். நாளை வந்து உட்கார்ந்திருக்கட்டும், சம்பளம் உண்டு. பதிவு மட்டும் வேண்டாம்” என்று மெல்லிய குரலில் ஒரு வேண்டுகோள் வருகிறது. கேட்பவர் கெட்டவர் அல்லர். அடிபட்டவரும் சம்மதிக்கிறார். செவிலியர் ஒரு வரி எழுதாமல் விட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அந்த ஒரு வரிதான், அதே இயந்திரத்திற்குத் தடுப்பு போடச் சொல்லும் சாட்சி. எழுதப்படாத விரல், அடுத்த முறை ஒரு கையாகத் திரும்பி வரக்கூடும். பொய்யும் மௌனமும் அப்போதைக்குத் தீங்கற்றவை போலத் தோன்றுவதே அவற்றின் ஆபத்து. இதன் மறுபக்கமும் உண்டு. உடல் நன்றாயிருந்தும் விடுப்புக்காக நோய்ச் சான்று கேட்டு வரும் தொழிலாளியிடமும் அதே செவிலியர் அதே உறுதியுடன் மறுக்க வேண்டும். அவருடைய பேனா இருவருக்கும் வளையாமல் இருந்தால்தான் இருவரும் அதை நம்புவார்கள்.

மூன்றாவது, காலம் பற்றியது. இதுவே மிகக் கடினமானது. தொழிலால் நேரும் மரணம் என்றதும் நமக்கு வெடிப்பும் தீயும் நினைவுக்கு வருகின்றன. 2023இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 29 லட்சம் பேர் தொழில் காரணமாக இறக்கிறார்கள். அவர்களில் சுமார் 26 லட்சம் பேரைக் கொல்வது விபத்தன்று, நோய். கல் தூசியும் கல்நார் இழையும் ஈயமும் சத்தமின்றி உடலில் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுகின்றன. கல்நார் நுரையீரலில் புற்றாக மாற 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றுத் தன் கிராமத்திற்குச் சென்றுவிடுவார். ஆலை கைமாறியிருக்கும். அவருடைய மூச்சுத் திணறலுக்கும் அந்த ஆலைக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல எஞ்சியிருப்பது, என்றோ ஒரு செவிலியர் எழுதி வைத்த குறிப்பு ஒன்றே.

நம் உச்ச நீதிமன்றம் இதை நன்கு உணர்ந்திருந்தது. அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995ஆம் ஆண்டு ஜனவரியில் அது தீர்ப்பளித்தது. தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சாசனம் உறுதி செய்யும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அறிவித்தது. கல்நார்த் தொழிலில் ஈடுபட்ட ஒவ்வொருவரின் உடல்நலக் குறிப்பையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இதன் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். இன்று 25 வயது இளைஞனின் மூச்சின் அளவைக் குறித்து வைக்கும் செவிலியர், அந்தக் குறிப்பு பயன்படும் நாளில் உயிருடன் இருப்பார் என்பது நிச்சயமில்லை. அவருக்கு நன்றி சொல்ல யாரும் வரப்போவதில்லை. அவர் சொன்னபடி காப்புக் கண்ணாடி அணிந்ததால் பார்வை தப்பியவனுக்கும், தான் தப்பியது தெரியாது. நேராத விபத்திற்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற உபதேசத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை அன்றாட அலுவலாகவே வாழும் ஒருவரைக் காண வேண்டுமானால், ஆலையின் முதலுதவி அறைக்குச் செல்லலாம்.

செஞ்சோற்றுக் கடன்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சம்பளம் தருபவருக்கு ஊழியர் கடன்பட்டவர் இல்லையா?

கடன்பட்டவரே. உண்ட சோற்றுக்கு விசுவாசமாக இருப்பதைத் தமிழர் செஞ்சோற்றுக் கடன் என்று போற்றினர். கர்ணனையும் கும்பகர்ணனையும் அதற்காகவே இன்றும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கடனைத் தீர்ப்பது எப்படி என்பதில்தான் விவேகம் தேவை. கும்பகர்ணன்கூட எடுத்த எடுப்பில் போருக்குப் புறப்படவில்லை. பிறன் மனைவியைக் கவர்ந்தது தவறு என்று அண்ணனிடம் வெளிப்படையாகச் சொன்ன பிறகே சென்றான்.

விதுரர் இன்னும் தெளிவான முன்மாதிரி. அவரும் அஸ்தினாபுரத்து அரண்மனையில் வாழ்ந்தவர்தான். திருதராஷ்டிரரின் தம்பியாகவும் அமைச்சராகவும் இருந்து, அவருக்குக் கசக்கும் என்று தெரிந்தே உண்மையை எடுத்துரைத்தார். சூதாட்டம் வேண்டாம் என்றார். சபையில் பாஞ்சாலி அவமதிக்கப்பட்டபோது மூத்தோர் பலர் தலைகுனிந்து இருந்தனர். விதுரர் எழுந்து பேசினார். ஒருமுறை அதற்காக வெளியேற்றப்பட்டார். பிறகு அவரில்லாமல் இருக்க முடியாமல் மன்னரே ஆள் அனுப்பி அழைத்துக்கொண்டார். அந்த அவையில் மன்னருக்கு உண்மையான விசுவாசி யார்? மௌனம் காத்தவர்களா, விதுரரா?

உண்ட சோற்றுக்கு உண்மையைத் திருப்பித் தருவதே மேலான செஞ்சோற்றுக் கடன். இந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது, இந்த இயந்திரத்திற்குத் தடுப்பு இல்லை, இரவு வேலை முடித்த ஆட்களையே மீண்டும் பகலில் நிறுத்துகிறோம் என்று அஞ்சாமல் சொல்லும் செவிலியர், தொழிலாளிக்கு மட்டும் உதவவில்லை; ஆலைக்கும் உதவுகிறார். மறைக்கப்பட்ட சிறு குறைகள் சேர்ந்து ஒரு நாள் பெரும் அழிவாக வெடித்தால், முதலாளியின் செல்வமும் பெயரும் அதே தீயில்தான் வேகும். ஆகவே இரு தலைவர்களுக்கு நடுவே அகப்பட்டவராகத் தோன்றும் செவிலியர், உண்மையை மூன்றாவது தலைவனாக ஏற்கும்போது, முதல் இருவருக்கும் ஒருசேர நன்மை செய்தவராகிறார்.

தனித்து நிற்கும் மனசாட்சி

“சொல்வது எளிது. விதுரரை மன்னர் திரும்ப அழைத்தார். வேலை போன செவிலியரை யார் அழைப்பார்கள்?” என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவருக்கும் குடும்பம் உண்டு, வீட்டுக் கடன் உண்டு. ஒவ்வொரு செவிலியரும் தியாகியாக வேண்டும் என்று பிறர் எதிர்பார்ப்பதும் ஒருவகையில் கொடுமையே. தர்மத்தைக் காக்கும் சுமை முழுவதையும் அதிகாரம் குறைந்த ஒருவரின் தோளில் ஏற்றிவிட்டு, அவர் தடுமாறும்போது குறை கூறுவது சமூகத்திற்கு அழகன்று.

இங்கேதான் ஒன்றுகூடுதலின் அவசியம் புலப்படுகிறது. மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியரைச் சுற்றி அவரைப் போன்ற பலர் இருக்கிறார்கள். ஐயம் வந்தால் மூத்தவரிடம் கேட்கலாம். ஆலையிலோ ஆயிரம் பேருக்கு நடுவே பெரும்பாலும் அவர் ஒருவரே செவிலியர். அவர் சொல்வதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல உடன் ஒருவர் இல்லை. தனித்திருக்கும் மனசாட்சி நாளடைவில் களைத்துப் போகிறது. ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்ற வார்த்தைக்கு அது இணங்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, இதே கேள்விக்கு வேறொரு தேசத்தில் வேறொருவர் நேர்மையான விடை கண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்கே மாநாடுகள். நல்லோர் இணக்கத்தின் பயனைப் பற்றி நம் பெரியோர் கூறியது துறவிகளுக்கு மட்டும் உரியதன்று.

கூட்டத்திற்கு மற்றொரு வலிமையும் உண்டு. பலர் கூடி வகுத்த நெறி, தனிமனிதரின் கையில் கேடயமாகிறது. தொழில்சார் நல ஆணையம் 1992இல் ஒழுக்க நெறிகளை வெளியிட்டது. 2002இலும் 2014இலும் அவற்றைத் திருத்திப் புதுப்பித்தது. நல அலுவலர்களின் நியமன ஒப்பந்தத்திலேயே இந்த நெறிகளுக்குக் கட்டுப்படும் உரிமையைச் சேர்க்க வேண்டும் என்று அது கூறுகிறது. 1985இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 161ஆம் உடன்படிக்கையும், இத்தகைய பணியாளர்கள் முதலாளிகளிடமிருந்தும் தொழிலாளர்களிடமிருந்தும் முழுச் சுதந்திரத்துடன் தம் தொழிலைச் செய்ய வேண்டும் என்கிறது. 2022இல் அதே அமைப்பு, பாதுகாப்பும் ஆரோக்கியமும் உள்ள பணியிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவையெல்லாம் தாளில் உள்ள சொற்கள்தானே என்று தள்ளிவிட வேண்டாம். “நான் பதிவு செய்தே ஆக வேண்டும். இது என் பிடிவாதம் இல்லை, என் தொழிலின் நெறி” என்று ஒரு செவிலியர் அமைதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அவருக்குப் பின்னே உலகெங்கும் உள்ள அவருடைய சகோதரிகளும் சகோதரர்களும் நிற்கிறார்கள் என்று பொருள். அவர் எதிரே இருக்கும் அதிகாரிக்கும் அது உதவி. அவரும் தமக்கு மேலிருப்பவரிடம் அதையே சொல்லலாம்.

வாயிலுக்கு வெளியே

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் மருத்துவப் பணியாளருடன் கூடிய முதலுதவி அறை வேண்டும் என்று விதித்தது. போபால் விஷவாயு 1984இல் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்ட பிறகு, 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழில்களில் உள்ளோரின் உடல்நலக் குறிப்புகளைப் பேணுவது கட்டாயமாயிற்று. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை என்பது அதன் வாக்குறுதிகளில் ஒன்று.

வரவேற்கத்தக்கதே. ஆனால் நம் நாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் பெரிய ஆலைகளின் வாயிலுக்குள் இல்லை. கல் உடைப்பவர், கட்டடம் கட்டுபவர், சாயப் பட்டறையில் நிற்பவர், வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர், ஒப்பந்தக்காரரின் கணக்கில் மட்டும் பெயருள்ளவர் ஆகிய இவர்களுக்கு முதலுதவி அறையும் இல்லை, குறிப்பேடும் இல்லை. ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்று இவர்களைக் கேட்பவர் யார்?

அந்த இடத்தில் நாம் நிற்கலாம். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரின் கை, பாத்திரம் துலக்கும் பொடியால் வெடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் நிற்கும் சாரம் உறுதியாக இருக்கிறதா என்று விசாரிக்கலாம். சாக்கடைக்குள் ஒரு மனிதனை இறக்க யாரேனும் முற்பட்டால் தடுக்கலாம். பாதுகாப்புக் கருவிகளின்றி அவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சிறிய பட்டறை நடத்துபவர்கள், பதிவேட்டில் உண்மையை எழுதுபவரைத் தண்டிக்காமல் பாராட்டலாம். மாதம் ஒரு நாள் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவ முகாம் நடத்தும் அன்பர்கள், ரத்த அழுத்தம் பார்ப்பதுடன் நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொருவரும் செய்யும் வேலையையும் கேட்டுக் குறித்து வைக்கலாம்.

நம்மை வாழ வைக்கும் உழைப்பாளியை அருகில் சென்று விசாரிப்பது வழிபாட்டிற்குக் குறைந்ததன்று. அன்று மோதேனாவில் ஒரு மருத்துவர் தம் வீட்டுக் குழியில் இறங்கிய மனிதனிடம் கேட்டதை, இன்று நம் வாசலுக்கு வருபவரிடம் நாமும் கேட்போம். அவர் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேட்டு, நம்மால் மாற்றக்கூடியதை மாற்றுவோம்.